மாமி வெட்டியெடுத்த சீல்கள்

கூட்டாளிமாரே, நம்மில் பல்லிருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். காது கேட்பவர்கள் அதிலும் குறைவு. ஆகையால் உரத்துத்தான் சொல்கிறேன். அந்த ஓட்டை விழுந்த கடித உறையைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து நான் கழற்றமாட்டேன். கொழும்பிலிருந்து யார் வந்து சொன்னாலும் கழற்றமாட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய கடித உறைகளைச் சேர்ப்பவன் நான். உள்ளே இருந்த கடிதம் எனக்கு வேண்டாம். உறையும் அதன்மேல் குத்திய சீல்களுந்தான் என் சரக்கு. போன வருடம் கொழும்பில் சேகரிப்பாளர்கள் கண்காட்சி வைத்தபோது என்னுடையதையும் வரிசையாக மாட்டினேன். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து கடைசி உறையில் நின்றுவிட்டார்.

"ஹாஜியார், மத்ததெல்லாம் முதல் தரம். இது என்ன? சீல் இருந்த இடத்தை யாரோ வெட்டி எடுத்திருக்காங்களே. வெட்டின துண்டு கிடைச்சா இதுதான் எல்லாத்திலயும் பெறுமதியான உறை. கிடைக்காட்டி இது குப்பை. எடுத்திடுங்க, பரிசு உங்களுக்குத்தான்."

"இதுக்காகத்தான் மத்ததெல்லாம் சேத்தது," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். சந்தையடித் தேநீர்க்கடைக் கதை என் காதுக்கு வராமலா போகும்? "ரெண்டு மில்லு வச்சிரிந்த மனிசன், வயசுபோன காலத்தில பழைய என்வலப் பொறுக்கித் திரியிறார்." பொறுக்குகிறேன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். தவிட்டுத் தூசிக்குள் படுத்தெழும்பி மில்லுக்குச் சொந்தக்காரனானவன். எவனுடைய சிபாரிசும் இல்லாமல் நின்றவனுக்கு எதைப் பொறுக்கலாம் என்று சொல்ல யாருக்கு உரிமை? இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது. ஆனால் சீல் வாசிக்க வரும். வட்டச் சீலா, முக்கோணமா, ராஜாவின் கிரீடம் வைத்ததா, மை கறுப்பா ஊதாவா என்று பார்த்து, அது எந்தப் பட்டாளத்தின் தபால், எந்தக் கடல் தாண்டி வந்தது என்று சொல்லிவிடுவேன். இந்தக் கிழக்குக் கரையில் கோமாரி ஊர் வரைக்கும் தேடுங்கள், இதைச் சொல்ல இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான்.

இந்த விசர் எனக்கு எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். ஒரு மாரிகாலத்தில் பிடித்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

என் உம்மாவோடு கூடப்பிறந்த மூத்த காக்கா, எனக்கு மாமா, யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனவர். எகிப்தை நாம் மிசிறு என்போம். துவக்குப் பிடித்த பட்டாளமில்லை. தண்டவாளம் போடுவது, பள்ளம் வெட்டுவது, கப்பலில் வந்த பெட்டிகளை இறக்குவது, இதுதான் வேலை. திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்தவை விளிம்பு கழன்ற ஒரு எனாமல் கோப்பை, மழை ஈரம் பட்டால் ஆட்டு நாற்றமடிக்கும் ஒரு கபிலநிறப் போர்வை, மிசிறுச் சந்தையில் பொறுக்கிய நாலைந்து அறபு வார்த்தைகள். அவ்வளவுதான். மழையென்று எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பாத நாட்களில் நாங்கள் அந்தப் போர்வைக்குள் புகுந்துகொண்டு கேட்போம்.

"மாமா, பாலைவனம் எப்பிடி?"

"சோத்துக்குள்ள மணல், கண்ணுக்குள்ள மணல். துஆக் கேட்கக் கையேந்தினா அதுக்குள்ளயும் மணல். நம்மட கடற்கரை மணலெல்லாம் மணலாடா?"

எங்களுக்கு அது போதும். ஊருக்குப் போதவில்லை. பட்டாளக் கடதாசிகளெல்லாம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. கையில் அத்தாட்சி இல்லாதவனை ஊர் சும்மா விடுமா? அவன் மிசிறுக்கும் போகவில்லை, கிசிறுக்கும் போகவில்லை, திருக்கோணமலை முகாமில் குசினிக்குள் வெங்காயம் உரித்தான் என்று யாரோ கட்டிவிட்டார்கள். அது ஒட்டிக்கொண்டது. மாமாவுக்குப் பெயரே 'வெங்காயப் பட்டாளம்'. அவர் தெருவில் போனால் பொடியன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அத்தாட்சி இருந்தது. மாமியிடம் இருந்தது.

மாமாவின் பெண்சாதி, என் மாமி, தமிழெழுத்து அறியாதவள். கடிதம் வந்தால் பள்ளிக்கூட வாத்தியாரின் பெண்சாதியிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்டு, அங்கேயே அழுது, அங்கேயே சிரித்து, வந்து கூரை வளையில் செருகிவிடுவாள். செருகிய கடிதங்களைக் கறையான் தின்றது. ஆனால் உறைகளை மாமி விடவில்லை. வெள்ளைப் புடைவைத் துண்டில் சுற்றி, யாஸீன் கிதாபோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். கைகால் முகம் கழுவி ஒழுவெடுக்காமல் தொடமாட்டாள். கடிதத்தைக் கறையானுக்குக் கொடுத்து உறையைக் காத்தவள்! எங்கள் ஊரின் முதல் சேகரிப்பாளர் என் மாமிதான். இரண்டாவது நான். மூன்றாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை.

மாமி ஏன் அப்படி வைத்திருந்தாள் என்று வெளியூர்க்காரனுக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும். ஓதப்பள்ளியில் பிரம்படி பட்டு அலிபு, பே என்று எழுத்துப் படித்தவர்கள் நாம். அறபெழுத்தைக் கூட்டி ஓதத் தெரியும், பொருள் ஒரு சொல்லுக்கும் தெரியாது. பேரீச்சம்பழம் வந்த பெட்டியின் அட்டையில் அறபெழுத்துக் கண்டாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, கால் படாத இடத்தில் வைத்தவர்கள்தானே நாம்? மாமாவின் உறைகளில் பிந்தி வந்தவற்றில் அறபெழுத்து இருந்தது. ஒட்டியிருந்த முத்திரையில் இருந்தது. அதைவிட, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில் ஊதா மையில் ஒரு வட்டச் சீல். நடுவில் பிறை, பிறைக்குள் மூன்று நட்சத்திரம், சுற்றிவர அறபெழுத்து. கப்பலேறிக் கடல் தாண்டி வந்த எழுத்து. மாமி அதை வேறென்னவென்று நினைப்பாள்?

அந்த மாரியில் வெள்ளம் வடிந்த கையோடு மாமியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. வெகுகாலம் பிள்ளையில்லாமலிருந்து பிறந்த ஒரே மகள். எனக்கு மச்சி. கடல் கலங்கிச் சேற்று நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. விறகெல்லாம் ஈரம், வீடெல்லாம் புகை, அந்தப் புகைக்குள் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இளஞ்சிவப்பு மருந்து ஒரு பக்கம் நடக்க, மாமி தாயத்து ஓதிக் கட்டும் பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு அந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்திருக்கிறாள்.

"லெப்பை, இது மிசிறால வந்த எழுத்து. இத வச்சி என்ட புள்ளைக்கு ஒரு இஸ்மு கட்டித் தாங்க."

லெப்பை உறையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாராம், எட்டப் பிடித்துப் பார்த்தாராம். ஒன்றும் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை பாயில் துடித்துக்கொண்டிருக்கிறது, தாய் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நல்ல எழுத்துத்தான்," என்றாராம். மாமி ஒழுவெடுத்துவந்து, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். மெழுகுச் சீலையில் சுருட்டி, வெள்ளிக் கூட்டுக்குள் வைத்துக் கழுத்தில் கட்டியாயிற்று. இழுப்பு நின்றது. மருந்தா, மாமியா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. நின்றது, அவ்வளவுதான்.

பிறகு தெருவே திரண்டது. எந்தப் பிள்ளைக்குத்தான் மாரியில் காய்ச்சலில்லை? "எனக்கும் ஒண்டு தாகா." "என்ட பேரனுக்கும் ஒண்டுகா." பரக்கத்துக் கேட்டு வருபவளுக்கு இல்லை என்று சொல்ல மாமிக்கு வாய் வராது. அறபுச் சீலெல்லாம் வெட்டினாள். முத்திரையையும் வெட்டினாள்.

இதெல்லாம் பிறகு உம்மா சொல்லித் தெரிந்தவை. அப்போது நான் கண்டது, தெருவில் எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் புதிதாக ஒரு கூடு தொங்கியதுதான். லெப்பை எழுதிக் கொடுத்தார் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் கட்டவில்லை. எருமைக்கன்று மாதிரி இருந்தேன். என்னை எந்தக் காய்ச்சல் தொடும்?

இனி வயலுக்கு வாருங்கள். மாவடிப்பள்ளிப் பக்கம் என் உம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் ஒன்று. வாப்பா மவுத்தாகி உம்மா தனித்த பிறகு அதுதான் எங்கள் சோறு. அடுத்த வயல், பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்த ஒரு மரைக்காருடையது. அந்த வெள்ளத்தில் இரண்டுக்கும் நடுவிலிருந்த வரம்பு கரைந்துபோயிற்று. வெள்ளம் வற்றியதும் மரைக்காரின் ஆட்கள் புதுவரம்பு கட்டினார்கள். எங்கள் பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள். எங்கள் வயலில் நல்ல ஈரப்பிடிப்புள்ள பக்கம் அவர்களுக்குள் போயிற்று.

உம்மா பள்ளிவாசலில் முறையிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுத பிறகு மரைக்கார்மார் கூடினார்கள். உம்மா வெளி மதிலுக்கு அப்பால் முக்காட்டோடு நின்றாள். சாட்சிக்கு மாமா. அந்த வயலைச் சின்ன வயது முதல் உழுதவர் அவர்தான். வரம்பு பழைய மருதமரத்திலிருந்து நேரே மதகுக்கு ஓடியது என்று மாமா சொன்னார். மரைக்கார் தன் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, ஒரு கேள்விதான் போட்டார்.

"சாட்சி யாரு? வெங்காயப் பட்டாளமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல மாமாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"சிரிக்கிற கதையில்ல," என்றார் மரைக்கார். "திருக்கோணமலையில வெங்காயம் உரிச்சிப்போட்டு மிசிறுக்குப் போனன் எண்டு ஊரெல்லாம் கதச்சித் திரியிற மனிசன். அந்தப் பொய்யச் சொன்ன வாயாலதான் வரம்பும் வருது. எப்பிடி எடுக்கிற?"

தலைமை மரைக்கார் வயதானவர், நீதியான மனிதர். அவர் மாமாவைப் பார்த்து, "மிசிறுக்குப் போனத்துக்கு ஏதும் அத்தாட்சி இரிக்கா?" என்று கேட்டார்.

"கடதாசியெல்லாம் முந்தின வெள்ளத்தோட போயிற்று."

"வெள்ளத்துக்கு உங்கட கடதாசியிலதான் கண்ணோ?" என்றார் மரைக்கார். மறுபடி சிரிப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. தூணோரம் நின்றவன் கத்தினேன். "மாமிட அலுமாரியில இரிக்கி! நான் கொண்டாறன்!"

"டேய், நில்லுடா! மனே, நில்லு!" என்று மாமா கத்தியது கேட்டது. மழையில் வழுக்கும், பார்த்துப் போ என்கிறார் என்று நினைத்தேன். அந்த நாளில் என்னை ஓட்டத்தில் பிடிக்க ஆளில்லை. மாமி கிணற்றடியில் நின்றாள். கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, ஒழுவுமில்லாமல், சேற்றுக் காலோடு வெள்ளைத் துண்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்ப ஓடினேன்.

இங்கிலீசு தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அவர் துண்டை அவிழ்த்து மேலே கிடந்த உறையை எடுத்தார். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நான் மரைக்காரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஃபீல்ட் போஸ்ட் ஒபிஸ் எண்டு குத்தியிரிக்கி," என்றார் கிளாக்கர். "ஒரு நம்பர் இரிக்கி. ஊர்ப்பேர் ஒண்டுமில்லையே."

"திருக்கோணமலைக்கும் ஒரு நம்பர் இரிக்கும்," என்றார் மரைக்கார்.

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. பட்டாளத் தபாலின் சீலில் ஊர்ப்பேர் இராது. எங்கே நிற்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரியக்கூடாதென்று வெறும் நம்பரைத்தான் குத்துவார்கள். இன்றைக்கு இதை நான் நித்திரையிலும் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பள்ளிவாசலில் யாருக்குத் தெரியும்?

"கீழ இரிக்கிறதப் பாருங்க! அறபெழுத்துப் போட்டது!" என்று நான் துள்ளினேன்.

கிளாக்கர் கீழேயிருந்த உறையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். முத்திரை இருந்த மூலை இல்லை. சீல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் எனக்கு மரைக்காரின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த உறையிலும் ஓட்டை. அறபெழுத்துப் போட்ட எல்லாவற்றிலும் ஓட்டை. மேல்விலாசம் மட்டும் மிச்சம்.

"ஆகா, வெங்காயத்த வட்டமா வெட்டிப் பழகின கைதான்," என்றார் யாரோ.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மரைக்காரின் மடியிலிருந்த பேரனின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கூடு. புதிது. எங்கள் தெருவில் தொங்கிய அதே கூடு. மூலையில் லெப்பை தலையைக் குனிந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கட மடியில இரிக்கிற புள்ளைட கழுத்தில இரிக்கி!" என்று கத்தினேன். "மாமா மிசிறால அனுப்பின சீல்தான் அது! அந்தக் கூட்ட அவுத்துப் பாருங்க! மிசிறு எண்டு இரிக்கும்!"

மரைக்காரின் சிரிப்பு நின்றது. அவர் கை, கேளுங்கள், தானாகவே போய்ப் பிள்ளையின் கழுத்தை மூடிக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் வழக்கு எங்கள் கையில் இருந்தது. தலைமை மரைக்கார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பளாரென்று என் கன்னத்தில் விழுந்தது. அடித்தவர் மாமா.

அதுவரைக்கும் மாமா என்னைத் தொட்டதில்லை. மாமா குனிந்து உறைகளைப் பொறுக்கித் துண்டில் கட்டினார். நிமிர்ந்து சொன்னார்.

"நான் போனனா இல்லையா எண்டு எனக்குத் தெரியும், அல்லாக்குத் தெரியும். வரம்பு எங்க இரிந்த எண்டும் அப்பிடித்தான். நீங்க உங்களுக்கு விளங்கினபடி தீருங்க."

அவர்களுக்கு விளங்கினபடி தீர்த்தார்கள். கட்டிய வரம்பு கட்டிய இடத்தில் நின்றது.

வரும் வழியில் நான் மாமாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளியே நடந்தேன். அழவில்லை. நம்பாதவன் என் உம்மாவைக் கேட்டிருக்கலாம், இப்போது அவளும் இல்லை. ஒழுங்கை மூலையில் மாமா நின்றார்.

"நோகுதா?"

"எனக்கென்ன நோவு? நீங்க பயந்திட்டீங்க."

"என்னத்துக்குப் பயந்த நான்?"

"மரைக்காருக்கு."

மாமா உறைக்கட்டை மழை படாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தப் புள்ளையும் காய்ச்சல் விட்டு எழும்பின புள்ளதான்டா. அதுட கழுத்திலயிரிந்து கழட்டி, இது சும்மா தபால் கந்தோர் மை எண்டு ஊரறிய நான் காட்டணுமா? மறுகா ஒரு புள்ளைக்கு இழுப்பு வந்தா, உங்கட மாமி ஆருட முகத்தில முழிப்பா? நம்மட புள்ளைக்குத் திரும்ப வந்தா?"

"அப்ப வயல்?"

மாமா திரும்பி நடந்தார். கூட்டாளிமாரே, வயது போனால் மனம் இளகும், சின்ன வயதில் விளங்காதது விளங்கும் என்பார்கள். மாமா ஏன் அடித்தார் என்று எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் கத்தியது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. உண்மையை வைத்துக்கொண்டு வாய் மூடியவர் அவர், உண்மையைச் சொல்லி அடி வாங்கியவன் நான். மறுமையில் கண்டாலும் இந்த வழக்கை அவரோடு பேசித்தான் ஓய்வேன்.

ஈரப் பக்கம் போன வயல் அடுத்த போகம் எங்களுக்குச் சோறு போடவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, நற்பிட்டிமுனையில் ஒரு அரிசி மில்லில் தவிடு கூட்ட விட்டார்கள். அந்தத் தவிட்டிலிருந்து எழும்பிய கதையைத்தான் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லிவிட்டேனே. இங்கே வேண்டாம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு ஓடிவந்த வேகத்தில் துண்டு தளர்ந்து இரண்டு உறைகள் என் சட்டைக்குள்ளேயே சிக்கிக் கிடந்தன. பட்டாள நம்பர் குத்தியது ஒன்று. ஓட்டை விழுந்தது ஒன்று. மச்சிக்கென்று மாமி முதலில் வெட்டிய உறை அதுதான் என்று பிறகு உம்மா சொன்னாள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்த அன்று மாமி வீட்டு அலுமாரியோடு அவையும் போயிருக்கும். மாமாவும் மாமியும் அதைக் காணவில்லை. அவர்கள் அதற்கு முந்தியே போய்விட்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, மில்லுக்குப் பெல்ட் வாங்கக் கொழும்புக்குப் போனவன் புறக்கோட்டையில் ஒரு பழைய கடதாசிக் கடையில் நின்றேன். குவியலுக்குள் ஊதா மையில் பிறையும் மூன்று நட்சத்திரமும். பெல்டை மறந்துவிட்டு அந்த உறையோடு ஊருக்கு வந்தேன். அங்கே தொடங்கியது. அதன்பிறகு யாரிடம் கேட்கவில்லை? தபால் கந்தோரில் ஓய்வு பெற்றவர்கள், கொழும்புச் சேகரிப்பாளர்கள், அவர்கள் மூலமாக இங்கிலாந்துக்காரர்கள். என்னிடம் மிஞ்சிய பட்டாள உறையில் இருந்த நம்பர் எகிப்தில் நின்ற பட்டாளத் தபாலின் நம்பர் என்று அங்கே எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆக, அன்றைக்கு அதே மாதிரி நம்பர் குத்தி, கிளாக்கர் கையில் பிடித்திருந்ததே அத்தாட்சிதான்.

ஓட்டை உறையின் புதிரை நானே அவிழ்த்தேன். மாமியின் கத்தரிக்கோல் ஓரிடத்தில் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஓட்டையின் விளிம்பில் நகத்துண்டளவு ஊதா வளைவு மிச்சம். வாங்கிய உறையின் சீலைக் கண்ணாடிக் கடதாசியில் வரைந்து அதன்மேல் வைத்தேன். வளைவில் வளைவு அப்படியே குந்தியது. எகிப்து அரசாங்கத்தில் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியின் சீல் அது.

அங்கேதான் எனக்கு அடுத்த கேள்வி விழுந்தது. பட்டாளத்துக்காரனின் கடிதத்தைப் பட்டாளத்து அதிகாரிதான் பார்த்துச் சீல் குத்துவான். அதில் அறபெழுத்து வரவே வராது. அறபுச் சீல் வேண்டுமென்றால், முகாமை விட்டு வெளியே போய், அந்த ஊர்ச் சனங்கள் போகிற தபால் கந்தோரில் முத்திரை வாங்கி ஒட்டிப் போடவேண்டும். அது பட்டாளத்தில் தடை. பிடிபட்டால் தண்டனை. முன்னர் வந்த உறைகளெல்லாம் ஒழுங்காகப் பட்டாளத் தபாலில் வந்தவை. பிந்தியவை மட்டும் ஏன் இப்படி? அடிவாங்கினாலும் சிரித்துக்கொண்டு போகிற மனிதர் எதற்காகக் களவாகத் தபால் போட்டார்? இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மரைக்காரின் வயல் ஒருநாள் விற்பனைக்கு வந்தது. நான்தான் வாங்கினேன், வேறு யார் வாங்குவது? எங்கள் வயலும் அவர்களுடையதும் ஒன்றாயிற்று. நடுவிலிருந்த வரம்பை முதல் வேலையாக வெட்டி எறிந்தேன். பிறகு மருதமரம் நின்ற இடத்திலிருந்து நேரே மதகுக்குப் புதுவரம்பு கட்டினேன். உழவு மெசினோட்டும் பொடியன் ஒவ்வொரு போகமும் முறைப்பாடு. "ஹாஜியார், ரெண்டு பக்கமும் உங்கட வயல்தானே, நடுவில இது என்னத்துக்கு?" அவன் மெசினைத் திருப்பிக் கஷ்டப்படட்டும். வரம்பு மாமா சொன்ன இடத்தில் இருக்கிறது.

கொழும்புக்காரர் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்ன பிறகு, ஒரு பகல் மச்சி வீட்டுக்குப் போனேன். இழுப்பு வந்த அந்தப் பிள்ளை இப்போது கொள்ளுப்பேரன் கண்ட மனுஷி. கழுத்தில் அதே வெள்ளிக் கூடு. தெருப்பிள்ளைகள் கட்டிய மற்றவையெல்லாம் எப்போதோ போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

"வாங்க மச்சான். இன்னும் அந்தக் கிழிஞ்ச என்வலப்போடதான் குடும்பம் நடத்துறீங்களா?"

"அதுட மிச்சம் உங்கட கழுத்தில இரிக்கே, மச்சி. நான் எங்க போற?"

சிரித்தாள். "என்ட மகன் மதீனாவில ஓதிட்டு வந்தவன். கழட்டுங்க உம்மா, தபால் கந்தோர்ச் சீலக் கட்டிட்டுத் திரியிறீங்க எண்டு ஒரே சண்ட. நான் சொன்ன, எனக்கும் தெரியும்டா, சின்ன வயசிலயே வாப்பா சொல்லிட்டாரு எண்டு."

"தெரிஞ்சா ஏன் கட்டியிரிக்கீங்க?"

"வாப்பா அனுப்பினதானே."

நான் தடைபற்றிச் சொன்னேன். களவாக வெளித்தபாலில் போட்டதைச் சொன்னேன். ஏனென்றுதான் எனக்குத் தெரியாது என்றேன். மச்சி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு காலம் தேடின நீங்க? என்னட்டக் கேட்டிரிக்கலாமே. ஒருக்கா ஒரு கடிதம் அறபெழுத்துப் போட்டு வந்திச்சாம். பட்டாளத் தபால் பிந்தும் எண்டு வாப்பா வெளியால போட்டதாக்கும். உம்மா அதக் கண்ணில ஒத்திக்கிட்டு அழுதாவாம். மறுகா வாத்தியார்ர பொஞ்சாதியப் புடிச்சி எழுதுவிச்சாவாம், மத்த எழுத்து ஒண்டும் எனக்கு வாசிக்கத் தெரியா, இந்த எழுத்துத்தான் தெரியும், இனி இப்பிடியே அனுப்புங்க எண்டு." சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். "அது தடையெண்டு உம்மாக்குத் தெரியாதே, மச்சான்."

"தெரியா. அவரும் சொல்லல்ல."

பிறகு மச்சி பின்னங்கழுத்தில் கையைக் கொண்டுபோய்ச் சங்கிலியைக் கழற்றினாள். என் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க. ஒட்டுங்க. வெங்காயப் பட்டாளம் எண்டவனுகளுக்குக் காட்டுங்க."

கூடு சூடாக இருந்தது. அவளுடைய உடம்புச் சூடு. நெளிந்து, எழுத்தெல்லாம் தேய்ந்து போன வெள்ளி. என் சட்டைப் பையில் சின்னக் குறடும் பூதக்கண்ணாடியும் இருந்தன. நான் எப்போதும் ஆயத்தமாகத்தான் போகிறவன். மூடியைத் திருகினால் போதும். ஓட்டையில் வைத்தால் பொருந்தும். மிசிறு என்று எழுதியிருக்கும். கொழும்பு எழும்பி நிற்கும்.

திருப்பி அவள் கழுத்தில் மாட்டச் சொன்னேன்.

மாமாவின் அடிக்குப் பயந்து அல்ல, அந்த வழக்கு வேறு. ஒரு சேகரிப்பாளனாகச் சொல்கிறேன். ஒரு சீல் எங்கே போய்ச் சேர வேண்டுமென்று குத்தப்பட்டதோ அங்கே சேர்ந்துவிட்டால், அதை இடையில் மறித்து எடுக்க எனக்கு உரிமையில்லை. அந்தக் கடிதத்தை மறித்துப் பிரித்துப் பார்த்த எகிப்து அதிகாரியும் கடைசியில் போகத்தானே விட்டான்?

"அப்ப ஓட்ட?" என்று கேட்டாள் மச்சி.

"ஓட்ட இரிக்கட்டும்."

இந்த வருடமும் கொழும்பில் கண்காட்சி வைத்தார்கள். அதே சட்டம், அதே உறை, அதே ஓட்டை. கண்ணாடிக்காரரும் வந்தார். இந்த முறை அதன் கீழே ஒரு குறிப்பு ஒட்டியிருந்தேன். தமிழில் நான் எழுத, இங்கிலீசிலும் சிங்களத்திலும் எழுதுவித்தது. அவர் மூன்றையும் வாசித்தார். வாசித்துவிட்டு இன்னொரு தரம் ஓட்டையைப் பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: "இந்த இடத்திலிருந்த சீல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது."